புது ரவுட்டர், அடிக்கடி போகும் நெட்: எங்கே அறுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

புது மோடம் ரவுட்டரை மாட்டியாயிற்று. முதல் அரை மணி நேரம் எல்லாம் பறக்கிறது. அப்புறம் வீடியோ நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது, போனில் வைஃபை குறிக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வந்து நிற்கிறது, இரண்டு நிமிடத்தில் தானாகவே சரியாகிறது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே கதை. அடியோடு வேலை செய்யாத கருவியைக்கூடச் சமாளித்துவிடலாம், வந்து வந்து போகிற நெட்தான் ஆளை அலைக்கழிக்கும். கம்பெனிக்குப் போன் போட்டால் சரியாக அந்த நேரம் பார்த்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த நிலைமையில் பெரும்பாலோர் ரீஸ்டார்ட் செய்வார்கள். பிறகு செட்டிங்கில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுவார்கள். கடைசியில் ரீசெட். நானும் இதைச் செய்தவன்தான். என் முதல் ரவுட்டரின் பின்பக்கத் துளையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி குண்டூசியை விட்டு அழுத்தினேன். விளக்கெல்லாம் அழகாக எரிந்தது, நெட் மட்டும் வரவேயில்லை. கம்பெனி கொடுத்த லாகின் பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள்தான் இருந்தன, நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. அவ்வப்போது போய்க்கொண்டிருந்த நெட் திங்கட்கிழமை வரை முழுசாகப் போனது.

கை வைப்பதற்கு முன்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் முகவரி, உள்ளே நுழையும் பெயர், கடவுச்சொல் எல்லாம் அதில் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை பிரவுசரில் தட்டி உள்ளே போய், இன்டர்நெட் அல்லது வேன் (WAN) என்று இருக்கும் பக்கத்தையும் வைஃபை பக்கத்தையும் அப்படியே படம் எடுத்து வையுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் இணையும் பிபிபிஓஇ என்ற வகை இணைப்பாக இருந்தால் அதன் பெயர், கடவுச்சொல் இரண்டையும் காகிதத்தில் எழுதுங்கள். கடவுச்சொல் புள்ளி புள்ளியாக மறைந்திருந்தால் கம்பெனியிடம் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். ஃபைபர் இணைப்பில் சில நிறுவனங்கள் விலேன் எண் என்று ஒன்றும் கொடுத்திருப்பார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காகிதத்தில் நெட் போன நேரங்களை எழுதி வாருங்கள். 8.10க்குப் போனது, 8.12க்கு வந்தது என்று எழுதினால் போதும். ஒரு நாள் எழுதினாலே நிறையப் புரியும், பின்னால் சொல்கிறேன்.

ஒரு பெட்டி, இரண்டு வேலை

வெளியிலிருந்து வரும் லைனைப் பிடித்து வைத்திருப்பது மோடத்தின் வேலை. பிடித்ததை வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பங்கு போடுவது ரவுட்டரின் வேலை. இன்று இரண்டும் ஒரே பெட்டியில் வருவதால், எதில் கோளாறு வந்தாலும் நாம் "வைஃபை போச்சு" என்றுதான் சொல்கிறோம். வைஃபை நன்றாக இருந்து லைன் மட்டும் போயிருக்கலாம், லைன் நன்றாக இருந்து வைஃபை மட்டும் தடுமாறலாம், பெட்டியே ஒரு நொடி அணைந்து மறுபடி எழுந்துமிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று தெரியாமல் மருந்து கொடுப்பதால்தான் ஒரு வாரம் வீணாகிறது.

எது என்று பிரிக்கச் சுலபமான வழி லேன் கேபிள். ரவுட்டர் பெட்டியோடு பெரும்பாலும் ஒன்று வந்திருக்கும். லேப்டாப்பை அதில் இணைத்துவிட்டு, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டுச் சோதனை செய்பவர்கள் அதிகம். கேபிளில் இரண்டு மூன்று மணி நேரம் ஒரு தடவைகூடப் போகவில்லை, அதே நேரத்தில் போனில் போகிறது என்றால் லைனை மறந்துவிட்டு நேராகக் கீழே வைஃபை பகுதிக்கு வாருங்கள். கேபிளிலும் போகிறது என்றால் அடுத்த சோதனை.

இரண்டு கறுப்பு ஜன்னல்கள்

விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறங்கள். பிங் என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு ரவுட்டரின் முகவரி, மறுபடி ஓர் இடம் விட்டு ஒரு சிறு கோடு, அதை ஒட்டி டி என்ற சின்ன எழுத்து. என்டர் தட்டினால் நொடிக்கு ஒரு வரி ஓட ஆரம்பிக்கும். இன்னொரு ஜன்னல் திறந்து இதையே ரவுட்டர் முகவரிக்குப் பதிலாக 8.8.8.8 என்று கொடுங்கள். அது கூகுள் நடத்தும் பொது டிஎன்எஸ் சர்வரின் முகவரி, வீட்டுக்கு வெளியே இருக்கிறது. மேக், லினக்ஸ் கணினிகளில் அந்தக் கோடும் டியும் வேண்டாம், தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்த கன்ட்ரோல் பொத்தானோடு சி.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நெட் போனதும் ஓடிவந்து ஜன்னல்களைப் பாருங்கள்.

உறவினர் வீட்டில் நான் பார்த்தது இது. பழைய தொலைபேசிக் கம்பியில் வரும் டிஎஸ்எல் இணைப்பு. இடது ஜன்னல் ரவுட்டருக்கு, ஒவ்வொரு வரியிலும் 1 மில்லிசெகண்டில் பதில். வலது ஜன்னல் வெளியே, 20, 22, 21 என்று ஓடுகிறது. கூடத்தில் தொலைபேசி மணி அடித்தது. அடித்த சில நொடியிலேயே வலது ஜன்னலில் "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்", அதையே பதினைந்து வரி போல வரிசையாகக் காட்டியது. இடது ஜன்னல் எதுவும் நடக்காதது போல 1, 1, 1 என்று ஓடிக்கொண்டிருந்தது. ரவுட்டரில் டிஎஸ்எல் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் புது ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பின் அறையில் யாரும் எடுக்காத இன்னொரு தொலைபேசி இருந்தது, அதில் பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் ஃபில்டர் மாட்டவில்லை. ஒரு சின்னப் பெட்டியை மாட்டியதும் முடிந்தது கதை.

இடது ஜன்னல் ஓடி வலது மட்டும் நின்றால் லைன் பக்கம் கோளாறு. கேபிளில் இருக்கும்போதே இரண்டும் ஒன்றாக நின்றால் பெட்டியே தூங்கிவிட்டது அல்லது அணைந்து எழுந்தது, இல்லையென்றால் அந்தக் கேபிளே சரியில்லை. கேபிள் முனையில் கொக்கி உடைந்திருந்தால் தொட்டாலே கழலும், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். இரண்டு ஜன்னலும் நன்றாக ஓடுகின்றன, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சொதப்புகிறது. ரவுட்டர் செட்டிங்கில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 என்று கொடுத்துப் பாருங்கள்.

பெட்டியே அணைந்து எழுகிறதா?

ரவுட்டருக்குள் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அப்டைம் என்று ஒரு கணக்கு இருக்கும், பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது. சில ரவுட்டர்களில் இன்டர்நெட் இணைப்புக்குத் தனியாக இன்னொரு கணக்கும் இருக்கும். மூன்று நாளாக நீங்கள் அணைக்கவேயில்லை, ஆனால் அப்டைம் 40 நிமிடம் என்கிறதா? பெட்டி தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. அப்டைம் மூன்று நாள், இன்டர்நெட் கணக்கு மட்டும் 40 நிமிடம் என்றால் லைன்தான் அறுகிறது. இந்த ஒரு பக்கத்தைப் பார்ப்பதற்குள் பலர் ரவுட்டரையே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பெட்டி அணைந்து எழுந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். பழைய ரவுட்டரின் அடாப்டர் ஏற்கெனவே சுவரில் செருகியிருக்கிறதே என்று புதியதை அதிலேயே மாட்டிவிடுகிறோம். முனை பொருந்திவிடும், விளக்கும் எரியும். ஆனால் பெட்டி கேட்பது 12 வோல்ட் 2 ஆம்பியர், அடாப்டர் தருவது 12 வோல்ட் அரை ஆம்பியர் என்றால் சும்மா இருக்கும்போது ஓடும், எல்லாரும் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கும்போது வோல்ட் சரிந்து பெட்டி மயங்கி விழும். "ராத்திரியில் மட்டும் போகிறது" என்ற புகாரில் இதுவும் உண்டு. வோல்ட் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் பெட்டி கேட்பதற்குக் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை. முனையில் எது பிளஸ் எது மைனஸ் என்று போட்டிருக்கும் சின்னப் படமும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்று சூடு. டிவி பெட்டிக்குப் பின்னால், அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸ் மேல் என்று ரவுட்டரை அடுக்கி வைத்திருந்தால் வெளியே எடுங்கள். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருப்பது சகஜம். கை வைக்க முடியாத சூடு சகஜமில்லை.

லைன் பக்கம்

ஃபைபர் என்றால் எல்ஓஎஸ் விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி வந்து சேரவில்லை, ரவுட்டர் செட்டிங்கில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. சுவரிலிருந்து வரும் மெல்லிய கம்பி எங்காவது மடங்கியிருக்கிறதா, மேஜைக் காலுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீளம் அதிகம் என்று சின்ன வளையமாகச் சுருட்டி டேப் போட்டிருந்தால் அவிழ்த்துத் தளர்வாக விடுங்கள். கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள், அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். துணியால் துடைக்கவும் வேண்டாம், ஒரு தூசி போதும் ஒளியை மறைக்க.

பெட்டிக்குள் ஆப்டிகல் பவர் அல்லது ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருந்தால் அதைப் படம் எடுங்கள். ஜிபான் என்ற ஃபைபர் வகை இணைப்பில் பொதுவாக அது மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 27ஐ நெருங்க நெருங்க லைன் ஊசலாடும். கம்பெனிக்காரரிடம் "ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 28 காட்டுகிறது" என்று சொல்லிப் பாருங்கள், எதிர்முனையில் குரலே மாறும்.

தொலைபேசிக் கம்பியில் வரும் டிஎஸ்எல் என்றால் வீட்டிலுள்ள ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஃபில்டர் வேண்டும். ஃபேக்ஸ், அலாரம் பெட்டி இவற்றையும் எண்ணிக்கையில் சேருங்கள். சோதிக்க, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் சாக்கெட்டில் மோடத்தை மட்டும் மாட்டிப் பாருங்கள். அங்கே அறுகாமல் ஓடுகிறது என்றால் கோளாறு வீட்டு வயரிங்கில். ரவுட்டருக்குள் எஸ்என்ஆர் மார்ஜின் என்ற எண் இருக்கும், இரைச்சலைத் தாங்க லைனில் எவ்வளவு இடம் மிச்சம் என்பது அது, 6 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் லைன் தள்ளாட ஆரம்பிக்கும். டிஎஸ்எல்லில் மணிக்கு நாலு தடவை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். சில நிறுவனங்களின் எந்திரம், இந்த லைன் நிலையில்லாதது என்று முடிவு கட்டி வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும்.

கேபிள் டிவிக் கம்பியில் வரும் இணைப்பில் திருகு முனைகளையும் பிரிப்பானையும் பாருங்கள். விரலால் இறுக்கினாலே சரியாகும் கேஸ்கள் உண்டு. தேவையில்லாத பிரிப்பானை எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு பிரிப்பும் சிக்னலைப் பாதியாக்கும்.

கடிகாரம் வைத்தாற்போல் போனால்

எழுதி வைத்த நேரங்களை இப்போது எடுங்கள். மழை பெய்தால், அல்லது வெயில் ஏறினால் போகிறது என்றால் வெளியே எங்கோ மூட்டு கெட்டிருக்கிறது. கண்டபடி போனால் லைன், பவர், வைஃபை எதுவாகவும் இருக்கலாம். ஆனால் சரியாக 30 நிமிடத்துக்கு ஒரு தடவை, சரியாக ஒரு மணிக்கு ஒரு தடவை என்றால் எந்தக் கம்பியும் அவ்வளவு ஒழுங்காகக் கெடாது. அது செட்டிங்.

பிபிபிஓஇ இணைப்பில் "கனெக்ட் ஆன் டிமாண்ட்" என்று ஒரு வசதி இருக்கும். யாரும் நெட்டைத் தொடாமல் சில நிமிடம் போனால் இணைப்பை அறுத்துவிடும், நிமிடக் கணக்கும் பக்கத்திலேயே இருக்கும். நிமிடக் கணக்கில் காசு கட்டிய காலத்து வசதி அது. அதை "ஆல்வேஸ் ஆன்" அல்லது "ஆட்டோ கனெக்ட்" என்று மாற்றுங்கள். 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை மட்டும் சில நொடி போகிறது என்றால் சில நிறுவனங்கள் அப்படித்தான் இணைப்பைப் புதுப்பிக்கிறார்கள், அதற்கு வைத்தியம் கிடையாது.

ஒரு சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன என்றால் எம்டியு என்ற அளவைப் பாருங்கள், ஒரே துண்டாக அனுப்பும் தரவின் உச்ச அளவு அது. பிபிபிஓஇ இணைப்பில் அது வழக்கமாக 1492 ஆக இருக்க வேண்டும். 1500 என்று இருந்தால் மாற்றுங்கள்.

வைஃபை மட்டும் போகிறதா?

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசையில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் நெரிசல். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவர் தாண்டத் திணறும். பல புது ரவுட்டர்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, கருவி எதில் இருக்க வேண்டும் என்று தாங்களே தள்ளிவிடப் பார்க்கின்றன. சில போன்களுக்கு இது ஒத்துக்கொள்ளாது, நடுவழியில் நின்றுவிடும். ஸ்மார்ட் கனெக்ட் என்று இருப்பதை அணைத்து இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுங்கள். இது சோதனைக்கும் உதவும், எதில் போகிறது என்று அப்போதுதான் தெரியும்.

2.4இல் போகிறது என்றால் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள், இவை மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை. அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் போனால் காரணம் அதுதான், இரண்டும் ஏறக்குறைய ஒரே அலைவரிசை. பலருக்குத் தெரியாத ஒன்று யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். ரவுட்டரின் முதுகிலோ லேப்டாப்பின் ஓரத்திலோ அதை மாட்டினால் அது எழுப்பும் இரைச்சல் 2.4ஐ அமுக்கிவிடும். கழற்றிப் பாருங்கள்.

5இல் போகிறது என்றால் வேறு கதை, எனக்குப் பிடித்த கதையும் இதுதான். 52 முதல் 144 வரையிலான சேனல்களை வானிலை ராடார் உள்ளிட்ட ராடார்களும் பயன்படுத்துகின்றன. ராடார் போன்ற ஓசை கேட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை உடனே காலி செய்ய வேண்டும் என்பது விதி. அந்த வரிசையிலேயே வேறு சேனலுக்குப் போனால் அங்கே குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேசலாம். வீட்டில் பார்ப்பவருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலிலிருந்தே காணாமல் போய், ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி வரும். ரவுட்டரில் கோளாறே இல்லை, அது சட்டத்துக்குப் பயந்து நடக்கிறது, அவ்வளவுதான். சேனலை ஆட்டோவில் விடாமல் 36, 40, 44, 48இல் ஒன்றாக வையுங்கள். அகலம் 160 என்று வைத்திருந்தால் 36இல் தொடங்கினாலும் அது ராடார் பகுதிக்குள் நீளும், 80 ஆக்குங்கள்.

ஒரே ஒரு கருவியில் மட்டும் போகிறது என்றால் ரவுட்டரை விட்டுவிடுங்கள். லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜருக்குப் போய் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட்டில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். கருவி பழையது என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்றிருப்பதை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் ஆக்கிப் பாருங்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. தரையில், மூலையில், இரும்பு அலமாரிக்குப் பின்னால், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். தண்ணீரும் உலோகமும் அலையைத் தின்றுவிடும். போனில் சிக்னலை எண்ணாகக் காட்டும் செயலியில் பார்த்தால் மைனஸ் 67க்குள் இருந்தால் வீடியோ அழைப்புக்குத் தாராளம், மைனஸ் 80க்கு இறங்கினால் எந்தச் செட்டிங்கும் காப்பாற்றாது, ரவுட்டரைத்தான் நகர்த்த வேண்டும்.

பழைய பெட்டிக்குப் பின்னால் புதுப் பெட்டி

கம்பெனி கொடுத்த மோடத்தை வைத்துக்கொண்டு அதன் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டரை மாட்டியிருந்தால் இதைக் கவனியுங்கள். இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்று ஒரே முகவரி இருந்தால் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போலத்தான். புதியதை 192.168.50.1 என்று மாற்றுங்கள், அல்லது பழையதை பிரிட்ஜ் மோடில் (மோடம் வேலை மட்டும்) போடுங்கள், அல்லது புதியதை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (வைஃபை தரும் வேலை மட்டும்) போடுங்கள். மூன்றில் கடைசி வழிதான் புதியவருக்குச் சுலபம். கேபிள் மோடத்துக்குப் பின்னால் புது ரவுட்டருக்கு முகவரியே கிடைக்கவில்லை என்றால் மோடம் பழைய கருவியையே நினைவில் வைத்திருக்கும், அதை ஐந்து நிமிடம் அணைத்துப் போட்டுப் பிறகு எழுப்புங்கள்.

ஃபர்ம்வேர், ரீசெட், கடைசியில் கம்பெனி

இவ்வளவும் பார்த்த பிறகு, தயாரிப்பாளர் புது ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள், விட்டிருந்தால் போடுங்கள். லேன் கேபிளில் செய்யுங்கள், நடுவில் மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரைகுறையாக நின்றால் பெட்டி எழாமலே போகலாம். ரீசெட் அதற்கும் அப்புறம். எழுதி வைத்த காகிதம் கையில் இருக்க வேண்டும். குண்டூசியைப் பத்து நொடி போல, விளக்குகள் ஒன்றாக மினுக்கும் வரை அழுத்துங்கள். அதன் பிறகு செட்டிங்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாது.

கம்பெனியை அழைக்கும்போது "நெட் சரியில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று ஸ்கிரிப்டைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். "லேன் கேபிளில் சோதித்துவிட்டேன். பிங் செய்தால் ரவுட்டரிலிருந்து பதில் வருகிறது, வெளியிலிருந்து வரவில்லை. நேற்று 8.10, 9.05, 11.20க்குப் போனது. பெட்டியின் அப்டைம் மூன்று நாள், இன்டர்நெட் கணக்கு மட்டும் முப்பது நிமிடம். அந்த நேரத்தில் எல்ஓஎஸ் சிவப்பு" என்று சொல்லுங்கள், புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் ஆள் வந்து லைனைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றால், அவர் கையிலிருக்கும் ரவுட்டரை அதே லைனில், அவருடைய அடாப்டரோடு, ஒரு மணி நேரம் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது அறுகாமல் ஓடி, உங்களுடையது மட்டும் அறுகிறது என்றால் உங்கள் பெட்டியில்தான் கோளாறு. வாரண்டி நாள் முடிவதற்குள், அடாப்டர், பில், நேரம் எழுதிய அந்தக் காகிதம் மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வாங்கிய இடத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.